வார்ப்பு: செயலே பெயரான பாத்திரம்

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டுச் சமையல் பந்தலில் வந்திறங்கும் பாத்திரங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் அதுவே ஒரு சிறு அகராதி ஆகும். உருளி, நிலவாய், சருவம், குட்டுவம், அண்டா, செம்பு, வார்ப்பு. பெயர் ஒவ்வொன்றும் பாத்திரத்தின் ஏதோ ஓர் இயல்பைப் பற்றிக்கொண்டு பிறந்திருக்கிறது. உருளி என்றால் வடிவம், செம்பு என்றால் உலோகம். வார்ப்பு என்ற பெயரோ அந்தப் பாத்திரம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்கிறது. அதைச் செய்தவரின் தொழிலே அதன் பெயராக நிற்கிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான்.

வார்ப்பு என்பது விருந்துக்கான பெரிய வெண்கலப் பாத்திரம். அகன்ற வாய், குழிந்த அடி, தடித்த விளிம்பு. விளிம்பில் இரண்டோ நான்கோ காதுகள் இருக்கும். காதுகளில் வளையம் மாட்டி, கம்பு நுழைத்து, ஆள் சேர்ந்துதான் தூக்கவேண்டும். அடைப்பிரதமனும் பருப்புப் பாயசமும் அதில்தான் கொதித்து இறுகும். தடித்த வெண்கலம் சூட்டை மெதுவாக வாங்கி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பரப்பும். அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு தாங்கும். வெல்லப்பாகு அடியில் பிடிக்காமல் கிண்டுவதற்கு இதைவிடத் தோதான பாத்திரம் கிடையாது. செம்பிலும் பித்தளையிலும் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதனால் அவற்றின் உட்புறத்தில் ஈயம் பூசவேண்டும். நல்ல வெண்கலத்துக்கு அந்தப் பூச்சு வேண்டியதில்லை.

சொல்லின் வேரைப் பார்ப்போம். வார் என்பது பழைய திராவிட வினை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, ஒழுகுதல், ஊற்றுதல், உலோகத்தை அச்சில் ஊற்றுதல் ஆகிய பொருள்களை இந்த ஒரே வேரின் கீழ் வைக்கிறது. மலையாளத்தில் சோறு வடிப்பதற்குச் 'சோறு வார்க்குக' என்பார்கள். தெலுங்கில் கஞ்சி வடிப்பதற்கும் இதே வினை உண்டு. தமிழில் இந்தச் சொல் தொடாத இடமே இல்லை. தோசையை வார்க்கிறோம். தலைக்கு எண்ணெய் வார்க்கிறோம். கன்னிகாதானத்தில் தாரை வார்க்கிறோம். நல்ல செய்தி சொன்னவரிடம் வயிற்றில் பால் வார்த்தீர்கள் என்கிறோம். உடம்பில் கொப்புளம் கண்டால் அம்மை வார்த்திருக்கிறது என்கிறோம். 'வார்த்தை' மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது செய்தி என்று பொருள்படும் 'வார்த்தா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றுபட்டாலும் வேர் வேறு.

ஊற்று என்றும் வார் என்றும் இரண்டு சொற்கள் இருக்க, உலோகத் தொழில் ஏன் வார் என்பதைத் தேர்ந்துகொண்டது? வார்த்தலில் ஒழுங்கான, அறாத ஓட்டம் இருக்கிறது. நீண்டு தொங்கும் கூந்தலை வார்குழல் என்பதும், நீண்ட தோல்பட்டையை வார் என்பதும் அந்த நீட்சிப் பொருளால்தான். தாரை வார்க்கும்போது நீர் இடையில் அறக்கூடாது. உருகிய வெண்கலத்தை அச்சில் விடும்போதும் அதே விதிதான். ஓட்டம் ஒரு கணம் தயங்கினால் முன்னால் போன உலோகம் இறுகத் தொடங்கிவிடும். பின்னால் வருவது அதனோடு ஒட்டாது. பாத்திரத்தில் அந்த இடம் ஒரு கோடாக நிற்கும், நாளடைவில் அங்கேதான் விரிசல் விடும். ஆகவே ஒரே ஓட்டத்தில் வார்த்து முடிக்கவேண்டும். இந்தத் தொழிலுக்குப் பெயர் வைத்தவர்கள் உலைக்களத்தில் நின்றவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

அந்த உலைக்களத்தின் மற்றச் சொற்களும் வார்ப்பின் கதைக்கு வேண்டியவை. முதலில் களிமண்ணால் உட்கரு செய்து, அச்சாணியில் சுழற்றி வடிவம் திருத்துவார்கள். அதன்மேல் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சு. அந்தப் பூச்சின் கனம்தான் வரப்போகும் பாத்திரத்தின் கனம். காதுகள், விளிம்பின் வரைகள் எல்லாம் மெழுகிலேயே அமைந்துவிடும். அதன்மேல் முதலில் நைசான வண்டல் மண், பிறகு மணலும் நாரும் சேர்ந்த பருமண் என்று அடுக்கடுக்காக மண் பூசிக் காயவைப்பார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். இரண்டு மண்சுவர்களுக்கு நடுவே பாத்திரத்தின் வடிவில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். அதில் உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியபின் மண்ணை உடைத்துப் பாத்திரத்தை எடுத்துக் கடைசல் பிடித்து மினுக்குவார்கள். அச்சு உடைந்துபோவதால் ஒரு கருவுக்கு ஒரு பாத்திரம்தான். அடுத்ததற்கு மறுபடி மண்ணிலிருந்து தொடங்கவேண்டும்.

இந்த அச்சுக்குக் 'கரு' என்று பெயர். தாயின் வயிற்றில் வளர்வதும் கரு, கோயிலின் உள்ளறையும் கருவறை, உலோகம் உருப்பெறும் மண்கூடும் கரு. உலோகம் உருக்கும் மண்கலத்துக்குக் குகை என்றும் மூசை என்றும் பெயர். மூசை என்பது 'மூஷா' என்ற வடசொல்லின் வழி வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மலையாளத்தில் வெண்கலத் தொழிலாளரைக் குறிக்கும் மூசாரி. தமிழில் அவரைக் கன்னார் என்போம். 'கன்' என்ற பழஞ்சொல்லுக்குச் செம்பு, செப்புவேலை என்று பொருள். பொன்வேலை செய்பவர் தட்டார். அது தட்டுதல் என்ற செயலிலிருந்து வந்த பெயர். மலையைத் தாண்டினால் உருக்கும் கலத்தால் ஒரு பெயர், இப்பால் கையாளும் உலோகத்தால் ஒரு பெயர். ஒரே தொழிலாளரை இரண்டு மொழிகளும் வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கின்றன. பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் இரண்டும் 'வார்ப்பு' என்ற ஒரே இடத்தில் வந்து நின்றன.

அது தற்செயலன்று. நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டம் ஆகும்வரை திருவிதாங்கூரிலும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தவை. கல்குளத்துப் பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். அங்குள்ள அரண்மனை இன்று தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. அந்த அரண்மனையில் ஊட்டுப்புரை என்னும் உணவுக்கூடத்தின் நீளத்தைப் பார்த்தவர்களுக்கு, எத்தனை பெரிய பாத்திரங்கள் அந்நாளில் வேண்டியிருந்தன என்று விளக்கவேண்டியதில்லை. ஊட்டுப்புரையும் கோயில் மடைப்பள்ளியும் கல்யாணப் பந்தலும்தான் வார்ப்பு என்ற சொல்லை வளர்த்த இடங்கள். மலையாளத்தில் இதன் உறவுக்காரப் பாத்திரம் ஒன்றுக்குச் 'சரக்கு' என்று பெயர். நான்கு காதுகள் கொண்டதை 'நாலுகாதன்' என்று, ஓர் ஆளைக் கூப்பிடுவதுபோல் சொல்வார்கள்.

கைத்தொழிலாளர்களும் மலையின் இருபுறமும் போய்வந்தார்கள். கேரளத்து ஆரன்முளையில் வெண்கலக் கண்ணாடி வார்க்கும் குடும்பங்களின் முன்னோர், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோயில் வேலைக்காக அழைத்துவரப்பட்டவர்கள் என்பது அங்கே வழங்கும் மரபு. ஆலப்புழை மாவட்டத்து மன்னார் பெரிய உருளிகளுக்கும் வார்ப்புகளுக்கும் பேர்பெற்ற ஊர். இந்தப் பக்கம் திருநெல்வேலி மாவட்டத்து வாகைக்குளமும் வெண்கல வேலைக்குப் பெயர் வாங்கியது. நாஞ்சில் நாடு இந்த இரண்டு தொழில்மரபுகளுக்கும் நடுவில் கிடக்கிறது.

இனி உலோகத்தின் பெயருக்கு வருவோம். தமிழ் தன் உலோகங்களை நிறத்தால் அழைத்தது. செம்மையால் செம்பு. வெண்மையால் வெள்ளி. ஈயத்தில் வெளுத்தது வெள்ளீயம், கறுத்தது காரீயம். பொன் என்ற சொல்லே ஒரு காலத்தில் உலோகம் என்ற பொதுப்பொருளில் வழங்கியது. அதனால்தான் இரும்புக்குக் கரும்பொன் என்றும் வெள்ளிக்கு வெண்பொன் என்றும் பெயர்கள் இருக்கின்றன. வெண்கலமும் நிறத்தால் அமைந்த பெயர்தான், ஆனால் அதன் பின்பாதி கவனிக்கத்தக்கது. கலம் என்றால் பாத்திரம். வெளிறிய நிறமுள்ள பாத்திரத்தைக் குறித்த சொல், அந்தப் பாத்திரம் செய்யப்பட்ட உலோகத்துக்கே பெயராகிவிட்டது. செம்பின் கதை இதற்கு நேர் எதிர். உலோகத்தின் பெயராக இருந்த சொல், அந்த உலோகத்தால் செய்த நீர்ப்பாத்திரத்தின் பெயராயிற்று. செப்பு என்ற அதன் இன்னொரு வடிவம் சிமிழைக் குறித்தது. குழந்தைகளின் கையில் அது சொப்பு ஆயிற்று. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சொப்புச் சாமானில் விளையாடும் குழந்தையின் வாயில் செம்பின் பெயர்தான் புழங்குகிறது.

வெண்கலம் உண்மையிலேயே வெண்மையானதா? செம்போடு வெள்ளீயம் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்குச் சிவப்பு வெளிறும். நூற்றுக்கு 22 பங்கு அளவில் ஈயம் சேர்ந்தால் பொன்மஞ்சள் நிறம் வரும், மணியின் நாதம் வரும். ஆரன்முளைக் கண்ணாடியில் நூற்றுக்குச் சுமார் 33 பங்கு ஈயம். அது வெள்ளிபோலவே வெளுத்து முகம் காட்டும். செம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெண்கலம் என்ற பெயர் பொருத்தமானதுதான். ஈயம் கூடக்கூட உலோகம் நொறுங்கும் தன்மையும் கூடும். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும், ஈயமோ 232 பாகையிலேயே உருகும். செம்பை முதலில் உருக்கி, பிறகு ஈயத்தைச் சேர்ப்பார்கள். சேர்ந்த கலவை செம்பைவிடக் குறைந்த சூட்டில் உருகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் இளகி ஓடும். வார்ப்பதற்கு வெண்கலத்தைத் தேர்ந்ததன் காரணம் இதுதான்.

இந்த அறிவு தென்கோடிக்குப் புதிதன்று. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்தபோது, விலங்குருவங்கள் அமைந்த மூடிகளோடும் மெல்லிய கிண்ணங்களோடும் வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. ஈயம் மிகுந்த வெண்கலப் பாத்திரங்களும் அவற்றில் உண்டு. உலோகவியல் அறிஞர் சாரதா ஸ்ரீநிவாசன், பழைய தென்னிந்தியப் பாத்திரங்களையும் கேரளத்தில் இன்றும் நடக்கும் வெண்கலத் தொழிலையும் சேர்த்து வைத்து ஆராய்ந்திருக்கிறார். இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செஞ்சூட்டில் அடித்து மெல்லியதாக்கி நீரில் அமிழ்த்துவது. மற்றொன்று, அச்சில் வார்ப்பது. மெல்லிய கிண்ணத்துக்கு அடிப்பு வழி, கனத்த உருளிக்கும் வார்ப்புக்கும் வார்க்கும் வழி. வெள்ளீயம் தென்னாட்டில் கிடைப்பது அரிது. அது பெரும்பாலும் கடல்கடந்துதான் வந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைக் கலாய் பூசுதல் என்கிறோமே, அந்தக் கலாய் அரபு மொழியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது. அந்த அரபுச் சொல்லை மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகம் ஒன்றின் பெயரோடு இணைத்துச் சொல்வதும் உண்டு.

கீழ்க்கடலில் இன்னும் தொலைவு போனால் நம் சொல்லுக்கு ஒரு துணை கிடைக்கிறது. ஜப்பானியர் வார்ப்பு வேலையில் பிறந்த பொருளை 'இமோனோ' என்கிறார்கள். 'வார்த்த பொருள்' என்பதே அதன் நேர்ப்பொருள். அங்கும் செயலே பொருளின் பெயராக இருக்கிறது. தொயாமா மாநிலத்துத் தகாஓகா நகரத்தில் 1611இல் மயேதா தொஷினாகா என்ற நிலப்பிரபு ஏழு வார்ப்புத் தொழிலாளர்களை வரவழைத்துக் கனாயா என்ற பகுதியில் குடியேற்றினார். பானைகளும் உழவுக் கருவிகளும் வார்த்த அந்த ஊர் பிறகு வெண்கலத்தில் சிறந்து, இன்றுவரை ஜப்பானிய வெண்கல வார்ப்பின் தலைமையிடமாக இருக்கிறது. ஜப்பானிய உலோகக் கலையின் பிரிவுகளும் செயலால் பெயர் பெற்றவைதான். வார்ப்பது சூகின், அடித்து வளைப்பது தான்கின், செதுக்குவது சோகின்.

வெண்கலத்தின் கதைக்கும் அங்கே ஒரு துணை உண்டு. ஈயம் மிகுந்த வெண்கலத்தை ஜப்பானில் 'சஹரி' என்பார்கள். நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சஹரிக் கிண்ணங்கள் இருக்கின்றன. கிண்ணத்தைக் குறிக்கும் கொரியச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. அது சரியென்றால், கலத்தின் பெயரே உலோகத்தின் பெயராக மாறியது இங்கும் அங்கும் ஒன்றுபோல் நடந்திருக்கிறது. கொரியாவில் இன்றும் 78 பங்கு செம்புக்கு 22 பங்கு ஈயம் சேர்த்து, அடித்து, உண்கலம் செய்கிறார்கள். கனசாவா நகரத்து உஒசுமி இராகு சஹரியில் தேநீர்ச் சடங்குக்கான சேமக்கலம் செய்யும் கலைக்காக 1955இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்று மதிக்கப்பட்டார். பாடகரைப் புகழ 'வெண்கலக் குரல்' என்று சொல்லும் நமக்கு அந்த மதிப்பின் பொருள் எளிதில் விளங்கும்.

புதுக்காலத்தில் ஜப்பானிய வார்ப்பு இன்னொரு திசையில் வளர்ந்தது. சிற்பி தகாமுரா கோஉனின் மகன் தகாமுரா தொயோச்சிகா (1890–1972) வார்ப்பையே தன் கலையாகக் கொண்டார். 1926இல் அவரும் தோழர்களும் தொடங்கிய குழுவுக்கு 'முகெய்' என்று பெயர். அதில் உள்ள எழுத்து அச்சையும் குறிக்கும், வழிவழி வந்த வடிவத்தையும் குறிக்கும். அச்சில்லாமல் ஒரு நாளும் வேலை செய்யமுடியாத வார்ப்புக் கலைஞர் தம் குழுவுக்கு 'அச்சின்மை' என்று பெயர் வைத்தார் என்றால், அவர் உதற நினைத்தது பழைய வடிவங்களின் கட்டுப்பாட்டைத்தான். அவருடைய வெண்கலப் பூச்சாடிகளில் அலங்காரம் குறைந்து, கோடும் கனமும் உலோகத்தின் மேனியுமே முன்னால் நின்றன. 1964இல் அவரும் வாழும் தேசியச் செல்வமாக மதிக்கப்பட்டார். இப்படிப்பட்ட சாடியின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். அதை வைக்கும் மரப்பெட்டியின் மேல் சாடியின் பெயரையும் தம் பெயரையும் கலைஞர் தம் கையாலேயே எழுதித் தருவார்.

நம் பாத்திரங்களிலும் பெயர் உண்டு. புதுப் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் நாம் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வாங்கியவர் பெயர், சீர் கொடுத்தவர் பெயர், கோயிலுக்கு என்றால் உபயம் செய்தவர் பெயர். வார்த்தவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. கல்யாணம் முடிந்து திரும்பும் பாத்திரம் யாருடையது என்று அறியவே பெயர் வெட்டினார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மொழி அந்தக் குறையை ஓரளவுக்குச் சரிசெய்தது. வார்த்தவரின் பெயரைப் பாத்திரம் சுமக்காவிட்டாலும், அவருடைய செயலைத் தன் பெயராகவே சுமந்தது. வார்ப்பைத் தூக்கிவா என்று பந்தலில் ஒருவர் குரல் கொடுக்கும்போதெல்லாம், மண்ணும் மெழுகும் நெருப்பும் சேர்ந்து நடந்த ஒரு வேலையின் பெயர் சொல்லப்படுகிறது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வந்திருக்கும் நிலைமையைப் பார்க்கவேண்டும். உருளி உலகம் சுற்றப் புறப்பட்டுவிட்டது. உருள் என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. திருக்குறளின் 667ஆம் குறள் பெருந்தேரைப் பேசும்போது அந்த வேரைத்தான் ஆள்கிறது. சக்கரத்தையும் வட்டத்தையும் குறித்த உருளி, வட்டமான பாத்திரத்துக்கு ஆகிவந்தது. உருக்கிச் செய்ததால் உருளி என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. ஆனால் உருளை, உருண்டை, மலையாளத்தில் சோற்றுருண்டையைக் குறிக்கும் உருள ஆகிய சொற்களோடு வைத்துப் பார்த்தால் வட்டப்பொருளே சரியென்று தெரியும். இன்று ஓட்டல் வாசல்களிலும் வீட்டு முகப்புகளிலும் நீர் நிரப்பிப் பூவிதழ் மிதக்கவிடும் கிண்ணங்களுக்கு வடநாட்டுக் கடைகளிலும் உருளி என்றே பெயர். அது தகட்டில் அழுத்தி எடுத்ததாகவும் இருக்கலாம், ஃபைபரில் செய்ததாகவும் இருக்கலாம். வட்டமாக இருந்தால் உருளி என்ற பெயர் பொய்யாகாது. வடிவத்தால் வந்த பெயர் எந்தப் பொருளோடும் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

செம்பு தன் பொருளை எப்போதோ இழந்துவிட்டது. எவர்சில்வர் செம்பு என்று சொல்லும்போது அதில் உள்ள முரண் யார் காதிலும் உறுத்துவதில்லை. மலையாளத்தில் பிரியாணிச் செம்பு என்கிறார்கள், பாத்திரம் அலுமினியமாக இருக்கும். உலோகத்தால் வந்த பெயர், உலோகம் போனபின் வெறும் பாத்திரப் பெயராக நிற்கிறது.

வார்ப்புக்கு இந்த வசதி கிடையாது. தகட்டை அழுத்தி ஒரு நொடியில் எடுக்கும் அண்டாவை வார்ப்பு என்றால் அந்தச் சொல் சொல்வது உண்மையாகாது. அலுமினியமானாலும் வார்த்ததாக இருந்தால் பெயர் பொருந்தும். வார்க்கும் தொழில் இருக்கும்வரைதான் இந்தச் சொல்லுக்கு உயிர். வாடகைப் பாத்திரக் கடைகளில் அலுமினியமும் எவர்சில்வரும் நிறைந்துவிட்டன. வெண்கலத்தின் விலையும் எடையும் பழைய பாத்திரங்களை உருக்கு விலைக்குத் தள்ளுகின்றன. நூறாண்டு உழைத்த ஒரு வார்ப்பை எடைக்குப் போடும்போது, அது மறுபடி குகையில் உருகி வேறு வடிவம் எடுக்கலாம். உலோகம் அழியாது. ஆனால் அந்தக் கருவைக் கட்டிய கை எந்த ஊருடையது என்ற செய்தி அன்றோடு தீர்ந்துபோகும்.

மொழி தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. மிச்சம் நம்மிடம் இருக்கிறது. கோயில் மடைப்பள்ளியிலும் ஊர்ப் பொதுவிலும் தறவாட்டு வீடுகளின் பரணிலும் இருக்கும் வார்ப்புகளை எடைக்குப் போடுமுன் அளந்து, படமெடுத்து, வெட்டியிருக்கும் பெயரையும் அது வந்த வழியையும் எழுதி வைக்கலாம். அருங்காட்சியகங்கள் 'பெரிய வெண்கலப் பாத்திரம்' என்று எழுதும் அட்டையில் ஊர்ச்சொல்லான வார்ப்பு என்பதையே எழுதலாம். புதிதாக உருளியோ வார்ப்போ விளக்கோ செய்யச் சொல்லும் குடும்பங்களும் கோயில்களும், உபயம் செய்தவர் பெயருக்குக் கீழே வார்த்தவர் பெயரையும் அவர் ஊரையும் ஆண்டையும் வெட்டச் சொல்லலாம். அதற்கு ஆகும் செலவு இரண்டு வரி எழுத்து வெட்டும் கூலிதான்.